கண்டகி வற்றிய காலை

அக்டோபர் 9, வியாழன். பாலேகாட்

பொக்காராவில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினோம். மாலை ஐந்துக்கு இங்கே இறக்கிவிட்டார்கள். உடம்பில் எத்தனை எலும்பு என்று இப்போது கேட்டால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்வேன்.

நாங்கள் இருபத்திரண்டு பேர். எல்லாரையும் முக்திநாத்துக்கு அழைத்துப் போகிறவர் ரங்கபாஷ்யம் சுவாமி. நாளை மறுநாள் புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. அன்று பெருமாள் சன்னிதியில் எங்களை நிறுத்திவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். பஸ் டிரைவரிடமும் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

இந்த ஊர் கண்டகி ஆற்றங்கரையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் மலை, நடுவே ஆறு, ஒரு தொங்கு பாலம், இருபது வீடு, ஒரு லாட்ஜ். லாட்ஜ்காரர் பெயர் கேம் பகதூர். திருப்பூரில் பனியன் கம்பெனி வாட்ச்மேனாகப் பதினோரு வருஷம் இருந்தவராம். "வாங்மா, பேக்கை இப்படிக் குடுங்" என்று அந்த முகத்திலிருந்து கோயம்புத்தூர்த் தமிழ் வந்ததும் வகுளா ஒரு அடி பின்னால் போனாள். வகுளா என் நாத்தனார். என் கணவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் தங்கை மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. இந்த யாத்திரைக்குப் பெயர் கொடுத்ததும் அவள்தான்.

பஸ்ஸில் என் முன் சீட்டில் சௌரிராஜன் என்று ஒருவர். கொள்ளிடக் கரையில் பொதுப்பணித் துறை லஸ்கராக முப்பத்துநாலு வருஷம் மதகு திறந்து மூடியவர். ஓய்வுக்குப் பிறகு வாயைத் திறந்தார். அதை மூட ஆளில்லை. நான் ராஜபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஊரார் பேச்சைக் காதில் வாங்கியவள். பதினோரு மணி நேர டிரங்க் கால் இதுதான் முதல் தடவை.

இறங்கியதும் என்னிடம் பேனா கேட்டார். மூங்கில் குச்சி ஒன்றில் கோடு கோடாகப் போட்டு நீர்மட்டம் பார்க்க ஆற்றோரம் ஊன்றிவிட்டு வந்தார். பேனா திரும்பி வந்தது. மூடி வரவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

வயலில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். கோணல் எழுத்துக்கு அதுதான் காரணம்.

பஸ்ஸுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே முற்றத்தில் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. பதினொன்றே காலுக்கு அடுப்பு தானாக நகர்ந்தது. அதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன், அடுப்பு ஏன் நகர்கிறது என்று யோசித்துக்கொண்டு. யாரோ என் முழங்கையைப் பிடித்து வயலுக்கு இழுத்தார்கள். அதற்குப் பிறகு நிற்க முடியவில்லை. தரை தண்ணீர் மாதிரி ஆடியது. எதிர்மலையில் புகை எழுந்தது. புகையில்லை, மண். ஒரு பாறை உருண்டு வந்து எங்கள் பஸ்ஸின் பின்பாதியில் உட்கார்ந்தது. உள்ளே யாரும் இல்லை. டயர் மாற்றியவர்கள் முன்பக்கம் இருந்தார்கள்.

எங்களில் யாருக்கும் அடி இல்லை. ஊரில் இரண்டு வீடு விழுந்தது, ஒரு கிழவிக்குக் கை உடைந்தது. மேலே போகும் சாலையும் கீழே போகும் சாலையும் மண்ணுக்குள். போன் கிடைக்கவில்லை. லாட்ஜ் சுவரில் கை நுழையும் அளவு விரிசல். எல்லாரும் வயலில் தார்ப்பாய்க்குக் கீழே.

என்னை இழுத்தது சௌரிராஜன்தான் என்று வகுளா சொல்கிறாள். முழங்கை கன்றிப் போயிருக்கிறது. மெதுவாகவும் இழுத்திருக்கலாம்.

அக்டோபர் 11, சனி

புரட்டாசிச் சனிக்கிழமை. முக்திநாத்தில் இருக்கவேண்டிய நாங்கள் கேம் பகதூரின் முள்ளங்கி வயலில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். சுவாமி கண்ணீரோடு பாசுரம் சொன்னார். நடுநடுவே பூமி குலுங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் எதிர்மலையிலிருந்து கல் உதிர்ந்தது.

சௌரிராஜன் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். "மேடம், பல்லு ஆடுற மாதிரிதான். பெரிய ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு நெனைக்காதீங்க. மலை பூரா வேர் ஆடிப்போய் நிக்குது. இனிமே ஒரு மழை போதும், ஒரு சின்னக் குலுக்கல் போதும். அப்படியே எறங்கும்."

"உங்களுக்கு மலை பத்தி எப்படித் தெரியும்? உங்க ஊர்ல மேடுன்னா அது களத்துமேடுதானே?"

"மண்ணு எங்கயும் மண்ணுதான் மேடம். கரை சரியிறதும் மலை சரியிறதும் அண்ணன் தம்பி."

மதியம் எல்லாரும் கண் அயர்ந்த நேரம். "மலை வருது! ஓடுங்க!" என்று சௌரிராஜன் கூச்சல் போட்டார். செருப்பு கூட இல்லாமல் முள்ளங்கியை மிதித்துக்கொண்டு ஓடினோம். சுவாமி வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால். எழுபது வயது என்று யார் சொன்னது?

மலை வரவில்லை. கேம் பகதூர் லாட்ஜுக்குப் பின்னால் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார், அந்த இரைச்சல்தான்.

சாயங்காலம் வரை யார் தும்மினாலும் "மலை வருது, ஓடுங்கோ" என்று சுவாமி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். உண்மையைச் சொன்னால் நான்தான் ஆரம்பித்தேன். சௌரிராஜனும் சேர்ந்து சிரித்தார். கொஞ்சம் பிந்திச் சிரித்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை. அப்பளம் நமுத்துவிட்டது. சௌரிராஜன் இன்று அதிகம் பேசவில்லை. நிம்மதி.

அக்டோபர் 13, திங்கள்

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

விடியற்காலையில் பலமான குலுக்கல். ஆற்றின் மேல்பக்கம் எங்கேயோ நீளமான இடிச்சத்தம். விடிந்து பார்த்தால் ஆறு பாதியாகிவிட்டது. எட்டு மணிக்குக் கணுக்கால் அளவு. ஒன்பதுக்கு ஆங்காங்கே குட்டைதான். ஆற்றுப் படுகை முழுவதும் கறுப்பாக, ஈரமாக, பளபளவென்று கற்கள்.

கண்டகிக் கற்கள் என்றால் வைஷ்ணவனுக்குச் சொல்லவேண்டுமா? பெருமாளாகவே வைத்துப் பூஜிக்கும் சாளக்கிராமம் வேறெங்கும் கிடைக்காது. சுவாமி கைகூப்பி நின்றார். "பாத்தேளா! நம்மளால பெருமாளைச் சேவிக்கப் போக முடியலை. பெருமாளே ஆத்தை ஒதுக்கிண்டு நம்மகிட்ட வந்துட்டார்!"

அடுத்த ஐந்தாவது நிமிஷம் இருபது பேர் ஆற்றுக்குள். வகுளா முந்தானையை விரித்துக்கொண்டு பொறுக்கினாள். நானும் இறங்கினேன். எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது. ஆனால் சும்மா கிடைப்பதை விட்டுவிட எனக்கு மனசு வராது. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கல் ஒன்று அகப்பட்டது. உள்ளே சக்கரம் போலச் சுருள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையில் சௌரிராஜன் தன் குச்சிக்குப் பக்கத்தில் நின்றார். குச்சி காய்ந்த மணலில் நின்றது. அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சத்தம் வரவில்லை. இரண்டு நாளாக அவர் பேசியது எல்லாம் சிரிப்பாகிவிட்டதே. பிறகு கற்களின் மேல் தடுமாறித் தடுமாறி நேரே என்னிடம் வந்தார். வேறு யாரிடமும் போகாமல் ஏன் என்னிடம் வந்தார் என்று தெரியவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்திருப்பேன்.

"மேடம், சிரிக்காம கேளுங்க. மேல தண்ணி நின்னு போகலை. வந்துகிட்டுத்தான் இருக்கு. இங்க வரலைன்னா, அங்க எங்கயோ தேங்குது. மலை சரிஞ்சு ஆத்துக்குக் குறுக்கே விழுந்திருக்கு. யாரும் கட்டாத அணை. கல்லு இல்ல, சிமெண்டு இல்ல, வெறும் மண்ணு. அது உடைஞ்சா..."

"எப்ப உடையும்?"

அவர் மேல்பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தெரியலை மேடம்."

ஐந்து நாளில் இந்த மனிதர் 'தெரியலை' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நேபாள ராஜாக்கள் வரிசை தெரியும், பஸ் எஞ்சின் தெரியும், என் முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் என்பது தெரியும். இது தெரியவில்லை. கையிலிருந்த கல் எப்போது விழுந்தது என்று நினைவில்லை.

எக்ஸ்சேஞ்சில் லைன் மோசமாக இருந்தால் நாங்கள் ஒரு குரலில் கூப்பிடுவோம். அந்தக் குரலை ஓய்வுக்குப் பிறகு எடுத்ததில்லை. பெயர் பெயராகக் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மனிதர்கள் நிமிர்ந்து பார்த்தே தீரவேண்டும். பார்த்தார்கள். "மேல ஏறுங்க! இப்பவே!"

"மறுபடியும் ஜெனரேட்டரா?" என்றார் யாரோ. சிரிப்பு.

வகுளா முந்தானையில் கல்லோடு நின்றாள். "மதினி, இன்னும் ஒரு பத்து நிமிசம்..."

"கல்லைக் கீழே போடுடி" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் அவளை நான் 'டி' போட்டதில்லை. அவள் ஏற ஆரம்பித்தாள். கல்லைப் போடவில்லை.

சுவாமிதான் நகரவில்லை. குனிந்தபடியே, "அபசாரமாப் பேசாதேள். இது பெருமாள் பண்ணின காரியம்" என்றார்.

"இருக்கட்டும் சுவாமி. ஆத்தை நிறுத்தினது பெருமாள்னா திறந்துவிடப் போறதும் அவர்தானே? எப்போன்னு உங்ககிட்டச் சொன்னாரா?"

அவர் நிமிர்ந்தார். வறண்ட ஆற்றை முதல் தடவையாக இரு பக்கமும் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

கேம் பகதூர் காரணமே கேட்கவில்லை. சௌரிராஜன் இரண்டு வார்த்தை சொன்னதும், "புரிஞ்சுதுங் சார்" என்று ஓடினார். ஊர்க்கோவில் மணியை விடாமல் அடித்தார்கள். கீழ் ஊருக்கு அவர் மைத்துனர் மலைப்பாதையில் ஓடினார். அரிசியும் பாத்திரமும் மட்டும் எடுத்துக்கொண்டு, மலைமுதுகில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏறினோம். ஒன்றரை மணி நேரம். பெட்டி படுக்கை எல்லாம் கீழே.

அக்டோபர் 14, செவ்வாய். பள்ளிக்கூடம்

ஒன்றும் நடக்கவில்லை.

கேம் பகதூரும் சௌரிராஜனும் மேல்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு மதியம் திரும்பினார்கள். மலையின் ஒரு விலா அப்படியே சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறதாம். பின்னால் ஏரி. மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கின்றனவாம். "இன்னிக்கும் போகலாம், பத்து நாளும் ஆகலாம்" என்றார் சௌரிராஜன்.

இங்கே மலை உச்சியில் கேம் பகதூரின் போனுக்கு ஒரு கோடு சிக்னல் வந்தது. ஹெலிகாப்டர் வருமாம். எப்போது என்று சொல்லவில்லை. ஊர் ஜனமும் நாங்களுமாக நான்கு வகுப்பறை. நான் இரண்டாம் வகுப்பு. வகுளா பெஞ்சில் உட்கார்ந்து மூன்று கற்களையும் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 15, புதன்

இன்றும் ஒன்றும் நடக்கவில்லை. முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. மாற்றுப் புடவை இல்லை, பல் செட் கீழே இருக்கிறது, ரத்த அழுத்த மாத்திரை கீழே இருக்கிறது. நாளைக் காலை ஒரு நடை போய் எடுத்துவந்துவிடலாம் என்று எட்டுப் பேர் பேசி வைத்திருக்கிறார்கள். சுவாமியும் ஒருவர். பெருமாள் விக்கிரகம் லாட்ஜில் இருக்கிறது.

சாயங்காலம் சௌரிராஜன் கொடிக்கம்பத்து மேடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பேனா மூடியைக் கேட்கலாம் என்று போனேன்.

கேட்கவில்லை. அவராகவே சொன்னார். வெகு காலத்துக்கு முன்னால் ஒரு வெள்ளத்தில், கரையில் நீர் கசிகிறது என்று அதிகாரியை எழுப்பி, ஊரை எழுப்பி, மூட்டை அடுக்க வைத்திருக்கிறார். கரை ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாலு வருஷமும் ஊரில் அவருக்கு 'கசிவு சௌரி' என்று பெயர். அதற்கடுத்த வெள்ளத்திலும் கசிவைப் பார்த்தார். அந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை.

"சிரிப்பாங்களேன்னு சும்மா இருந்துட்டேன் மேடம். விடிகாலைல கரை போச்சு. உயிர்ச்சேதம் இல்ல. ஆனா ஒரு ஊரே அந்த வருசம் நெல்லு பாக்கலை."

குளிர்கிறது என்றேன்.

"இப்பவும் அதான் தோணுது. ரெண்டு நாளாச்சு. தண்ணி அணை மேல வழிஞ்சு மெதுவா வடிஞ்சுடும்னா? போறவங்க போகட்டும் மேடம். நான் ஜெனரேட்டருக்கு ஓடினவன்தானே."

அந்தக் கேலியை ஆரம்பித்தவள் யார் என்று அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தாலும் சொல்லமாட்டார்.

அக்டோபர் 16, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு எட்டுப் பேரும் கிளம்பினார்கள். கீழே இறங்க ஒரே ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் முள். வகுப்பறையிலிருந்து ஒரு பெஞ்சை இழுத்துப்போய்ப் பாதைக்குக் குறுக்கே போட்டு, அதன்மேல் நான் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்தால் பாதை நிரம்பிவிடும் உடம்பு எனக்கு. முதல் தடவையாக அது ஒரு காரியத்துக்கு உதவியது.

"என்ன இது?" என்றார் சுவாமி.

"இந்த ரூட்டில் எல்லா லைனும் பிஸி. சற்று நேரம் கழித்து முயற்சிக்கவும்."

"விளையாடாதேள். பெருமாள் கீழே பட்டினி கிடக்கிறார்."

"நீங்க போய் அவரோட சேர்ந்து பட்டினி கிடக்கவேண்டாம் சுவாமி."

சௌரிராஜன் வந்து என் பக்கத்தில் நின்று மெதுவாக, "மேடம், விட்டுடுங்க. எனக்கே நிச்சயம் இல்ல" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன். "ஒரு வாரமா நீங்க பேசி நான் கேட்டேன். இப்ப நான் பேசுறேன், நீங்க கேளுங்க. உங்களுக்கு நிச்சயம் இல்லாம இருக்கலாம். எனக்கு இருக்கு."

எனக்கு இல்லை. சும்மா சொன்னேன்.

ஒரு மணி நேரம் நின்று வாதாடினார்கள். வகுளாவும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அதற்கு மேல் தாண்டுவதற்கும் இடமில்லை.

பத்தே முக்காலுக்கு ஒரு காற்று வந்தது. பச்சை மண் வாசனை, உழுத வயல் மாதிரி. பிறகு சத்தம். பத்துக் கூட்ஸ் ரயில் ஒரே பாலத்தில் போவது போல. எல்லாரும் விளிம்புக்கு ஓடினோம். ஆறு வந்தது. தண்ணீர் நிறத்தில் இல்லை. காப்பிப் பொடி நிறத்தில், ஒரு தென்னை உயரத்துக்கு, மரங்களைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு. தொங்கு பாலம் ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொண்டு போனது. எங்கள் பஸ் பாறையை உதறிவிட்டு மிதந்து கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. லாட்ஜ் சிறிது நேரம் தண்ணீருக்கு நடுவே நின்றது. பிறகு அங்கே லாட்ஜ் இல்லை. முள்ளங்கி வயலும் இல்லை.

நான் பெயர் பெயராகக் கூப்பிட்டேன். இருபத்திரண்டும் பதில் சொன்னது. கேம் பகதூர் தன் ஊராரை எண்ணினார். சரியாக இருந்தது. மத்தியானம் கீழ் ஊரிலிருந்தும் செய்தி வந்தது. பதினோரு எருமை போய்விட்டது. ஆள் யாரும் போகவில்லை.

"வூடு போச்சுங்" என்றார் கேம் பகதூர். அவர் மனைவி ஒரு சத்தமும் இல்லாமல் அழுதாள். "ஆளு இருக்கறமுங். அது போதுமுங்" என்று அவளுக்குச் சொல்வது போல எனக்குத் தமிழில் சொன்னார்.

சௌரிராஜன் தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். இவ்வளவு தண்ணீரைப் பார்த்த பிறகுமா என்று கேட்க வந்தேன். அவர் தோள் குலுங்கியது. என் டம்ளரைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். காற்றில் ஒரே மண், கண்ணில் விழுந்துவிட்டது.

சாயங்காலம் சுவாமி ஒரு கிண்ணம் நீரில் துளசி போட்டு, வகுளாவின் கல்லை வைத்துப் பூஜை செய்தார். எந்தக் கோவிலிலும் முதல் தீர்த்தம் யாருக்கு என்பதில் சுவாமி ரொம்பக் கறார். இன்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எல்லாரையும் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போனார். "சௌரிராஜன், கையை நீட்டுங்கோ" என்றார். முப்பத்துநாலு வருஷம் தண்ணீரை அளந்தவர் மூன்று சொட்டுத் தண்ணீரை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

ஹெலிகாப்டர் வந்துவிட்டது. ஒரு தடவைக்கு ஆறு பேர். காலையிலிருந்து போய்ப்போய் வருகிறது.

சௌரிராஜன் போகவில்லை. அணையில் பாதிதான் உடைந்ததாம், மீதி இன்னும் நிற்கிறதாம். கேம் பகதூர் அவரிடம், "நாலு நாள் இருந்து பாத்துச் சொல்லீட்டுப் போங் சார்" என்று கேட்டிருக்கிறார். இவர் உடனே சரி என்றுவிட்டார். அறுபத்துமூன்று வயது, மாற்றுச் சட்டை கிடையாது, இந்தக் குளிரில். புத்தி இருக்கிறதா என்று கேட்டேன். "இல்ல மேடம்" என்றார். மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

கடைசி நடையில் வகுளாவும் நானும் போகவேண்டும். மைதானத்துக்கு நடக்கும்போது எனக்குக் கால் பிசகிவிட்டது. ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை. ஹெலிகாப்டரில் ஏறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

வகுளா என்னையே பார்த்தாள். அண்ணன் சாயலில் ஒரு பார்வை அவளுக்கு உண்டு.

"எத்தனை நாளாகும் மதினி சரியாக?"

"நாலு நாள் ஆகும்."

தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் போட்டாள். இன்னொரு ஸ்வெட்டரையும் சுவாமியிடமிருந்து வாங்கி அதன்மேல் போட்டாள். அது ஆண்கள் போடுவது. நான் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். போகும்போது குனிந்து என் காதுக்குள், "மதினி, பிசகினது வலது கால்னு சொன்னீங்க" என்றாள். "இடது காலைத் தேய்க்கிறீங்க."

அக்டோபர் 18, சனி

கால் சரியாகிவிட்டது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.